‘தண்ணிச் சாம்பாருக்குப் பாராட்டா?’ ஓட்டலில் கணவன்-மனைவி காரசாரம்

சென்னை திருவல்லிக்கேணியில், மாதத்துக்கு ஒரு நாள் என்று ஓட்டலுக்குச் சாப்பிட வந்த கணவனும் மனைவியும் சாம்பாரை வைத்து மோதிக்கொண்டனர். கணவர் "ஏ ஒன்" என்றார். மனைவி "வெந்நீர்" என்றார். அடிதடி இல்லை. போலீஸ் வரவில்லை. ஆனால் 798 ரூபாய் பில்லும், 11 வருட மனத்தாங்கலும் இதில் சம்பந்தப்பட்டிருக்கின்றன.

அதுபற்றிய ருசிகர விவரம் வருமாறு:-

பாரதி சாலையை பழைய ஆட்கள் இன்னும் பைகிராப்ட்ஸ் ரோடு என்றுதான் சொல்வார்கள். அதிலிருந்து பிரியும் ஒரு சந்தில் இருக்கிறது அந்த ஓட்டல். பெயர் வேண்டாம். திருவல்லிக்கேணி, சாம்பார் என்றதும் உங்கள் வாயில் ஒரு பெயர் வரும். அது அல்ல இது.

கீழே சாதா ஹால். மாடியில் ஏ.சி. ஹால். மாதத்தின் முதல் சனிக்கிழமை இரவு 8 மணி. சம்பளம் வந்த கையோடு வந்த கூட்டம் மாடிப்படி வரை வரிசையில் நின்றது.

நான் ஒரு செயின் பறிப்பு வழக்கு விஷயமாகப் போலீஸ் நிலையம் போய், ஒரு விவரமும் கிடைக்காமல், பசியோடு வந்தவன். கீழே இடம் இல்லை. மாடிக்குப் போனேன். சர்வர் ஒரு குடும்பத்தைக் காட்டி, "அங்க ஒரு சீட் இருக்கு. ஏம்மா, இந்தத் தம்பி ஓரமா உட்காந்துக்கட்டுமா?" என்று கேட்டார். அந்த அம்மாள் தலையை ஆட்டினார். செயின் போனாலும் ஒரு செய்தி கிடைத்தது.

"ஓட்டல் இல்ல, கோயில்!"

கணவருக்கு 40 வயது இருக்கும். அண்ணா சாலையில் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிறார். மனைவிக்கு முப்பத்தைந்து சொல்லலாம். வேளச்சேரியில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடும் வேலை. 9 வயதில் ஒரு பெண். வீடும் வேளச்சேரிதான். சாப்பிடுவதற்கு மட்டும் பறக்கும் ரெயில் ஏறி இவ்வளவு தூரம் வருகிறார்கள்.

வேளச்சேரியில் இல்லாத ஓட்டலா என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன்.

கல்யாணத்துக்கு முன்பு 5 வருடம் அவர் இதே வட்டாரத்தில் மேன்ஷன்வாசி. ஒரு அறையில் நாலு பேர். நாலு பேருக்கும் ஒரே கொடிக்கயிறு. ராத்திரி சாப்பாடு தினமும் இந்த ஓட்டலில்.

"மாசக் கடைசியில கையில காசு இருக்காது தம்பி. கல்லாவுல இருந்த பெரியவர் ஒரு நோட்டு வச்சிருப்பார். எழுதிக்கிட்டு சாப்பாடு போடச் சொல்வார். ஒரு நாள் கூட முகம் சுளிச்சதில்ல" என்றார் கணவர்.

மனைவி குறுக்கிட்டார்: "இவருக்கு இது ஓட்டல் இல்ல, கோயில். பிரசாதம் நல்லா இல்லன்னு நான் சொல்லக் கூடாது."

அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது, இது சாதாரணச் சாப்பாடாக முடியாது என்று.

கிண்ணத்தைச் சாய்த்தார்

ஆர்டர் கொடுத்து 25 நிமிடம் கழித்துத் தட்டுகள் வந்தன. மனைவிக்கு நெய் ரோஸ்ட். கணவருக்கு இட்லி, சாம்பார் வடை, பிறகு பரோட்டா செட். பெண்ணுக்குப் பிரைடு ரைசும் ரோஸ் மில்க்கும்.

கணவர் இட்லி மேல் சாம்பாரை ஊற்றி ஒரு வாய் வைத்தார். கண்ணை மூடிக்கொண்டு, "ஆகா! அதே டேஸ்ட்டு" என்றார்.

மனைவி சாம்பார் கிண்ணத்தை எடுத்துச் சற்றே சாய்த்தார்.

"என்ன அதே டேஸ்ட்டு? இது சாயங்காலம் வச்ச சாம்பார். ராத்திரிக்கு வெந்நீர் ஊத்தி நீட்டியிருக்காங்க. பாருங்க, பருப்பு அடியில நிக்குது, தண்ணி மேல நிக்குது."

நானும் பார்த்தேன். நின்றது.

அதோடு விடவில்லை. சட்னியில் தேங்காயை விடப் பொட்டுக்கடலை அதிகம் என்றார். வடையைப் பிட்டு முகர்ந்து, "பழைய எண்ணெய் வாடை" என்றார். இட்லியின் ஓரத்தை விரலால் அழுத்தி, "மாவு புளிச்சுப் போச்சு. காலையில ஆட்டுன மாவை இந்த வெயில்ல ராத்திரி வரைக்கும் வெளியில வச்சா புளிக்காம என்ன செய்யும்?" என்றார். ஆனால் ஒன்று. நெய் ரோஸ்டை அவர் குறை சொல்லவில்லை. "தோசை நல்லா இருக்கு. நல்லா இருக்கறதை இல்லன்னு சொல்ல மாட்டேன்" என்று சொல்லி முழுத் தோசையையும் முடித்தார்.

கணவருக்கு ரோசம் வந்துவிட்டது. சர்வரைக் கூப்பிட்டு, "மாஸ்டர் யாரு? கொஞ்சம் வரச் சொல்லுங்க" என்றார்.

இந்தக் கூட்டத்தில் மாஸ்டர் எங்கே வரப்போகிறார் என்று நினைத்தேன். வந்துவிட்டார். ஏதோ புகார் என்று பயந்து, தோளில் துண்டோடு, வியர்க்க விறுவிறுக்க மாடி ஏறி வந்து நின்றார்.

"சாம்பார் ஏ ஒன் மாஸ்டர்! இருபது வருஷமா சாப்பிடுறேன். பழைய கை அப்படியே இருக்கு" என்றார் கணவர்.

மாஸ்டர் நெளிந்தார். "நான் வேலைக்குச் சேர்ந்து ரெண்டு மாசம்தான் சார் ஆகுது."

பக்கத்து மேஜையில் யாரோ சிரித்தார்கள். பெண் ரோஸ் மில்க்கை மூக்கில் ஏற்றிக்கொண்டாள். நானும் சிரித்திருப்பேன். மனைவியின் முகத்தைப் பார்த்தேன், சிரிப்பு வரவில்லை. அவர் கையில் இருந்த ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டார். அதற்கப்புறம் பில் வரும் வரை அவர் பேசவே இல்லை.

சர்வர் சொன்ன ரகசியம்

கை கழுவும் இடத்தில் சர்வரைப் பிடித்தேன். 30 வருட சர்வீஸ் என்றார். பத்திரிகை என்றதும் முதலில் தயங்கினார். பேர் போட மாட்டேன் என்றதும் பேசினார்.

"சாயங்காலம் ஒரு அண்டா வைப்போம் தம்பி. மத்த நாள்ல பத்து மணி வரை வரும். முதல் சனிக்கிழமையில எட்டு மணிக்கே அடி தெரியும். புதுசாப் பருப்பு வேக வைக்க நேரம் ஏது? வெந்நீர்தான். அந்த அம்மா சொன்னது சரி" என்றார்.

அப்புறம் அவர் சொன்னதுதான் முக்கியம். "ஆம்பளைங்க 'சூப்பர்'னு சொல்லிட்டுப் போயிடுவாங்க. அதை நாங்க காதுல போட்டுக்கறதில்ல. ஒரு அம்மா கிண்ணத்தைத் தள்ளி வச்சா, அதை உள்ள போய்ச் சொல்லுவோம். இவங்க கல்யாணம் ஆனதுலேருந்து வர்றாங்க. அவர் ஒரு நாளும் குறை சொன்னதில்ல. அந்தம்மா ஒரு நாளும் விட்டதில்ல. ஆனா வராம இருந்ததும் இல்ல."

சில்லென்ற காற்று 163 ரூபாய்

பில் வந்தது. கணவர் கையை நீட்டும் முன்பே மனைவி எடுத்துக்கொண்டார். நாள் முழுக்கப் பில் போடுகிறவர் ஆயிற்றே. மேலிருந்து கீழே ஒரே ஓட்டமாகப் படித்தார்.

நெய் ரோஸ்ட் 130, பரோட்டா 120, இட்லி 60, சாம்பார் வடை 70, பிரைடு ரைஸ் 190, ரோஸ் மில்க் 70, காபி இரண்டு 100, தண்ணீர் பாட்டில் 20. ஆக 760. மத்திய வரி 19, மாநில வரி 19. மொத்தம் 798.

"இதே தோசை கீழே நூறு ரூபா. கீழே உட்கார்ந்திருந்தா எல்லாம் சேர்த்து 635-ல முடிஞ்சிருக்கும். 163 ரூபா சில்லுன்னு காத்துக்கு" என்றார்.

"ஏ.சி.க்கு ஜி.எஸ்.டி. ஜாஸ்தி. அதனால அப்படித்தான் போடுவாங்க" என்றார் கணவர்.

கணக்கு எழுதுகிறவர் இப்படிச் சொல்லலாமா? ஊரில் பாதிப் பேர் இதைத்தான் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது சாதா ஓட்டலுக்கு 12 சதவீதம், ஏ.சி. ஓட்டலுக்கு 18 சதவீதம் என்று இருந்தது உண்மை. ஆனால் அதே வருடம் நவம்பர் 15-ந் தேதி முதல், நம்மைப் போன்றவர்கள் போகும் ஓட்டல்களில் ஏ.சி. இருந்தாலும் இல்லாவிட்டாலும் 5 சதவீதம்தான். மாடியில் 30 ரூபாய் கூட என்றால் அது ஓட்டல்காரர் வைத்த விலை. விலையை அவர் இஷ்டத்துக்கு வைக்கலாம். பழியை மட்டும் வரி மேல் போட முடியாது.

இதை நான் சொல்வதற்குள் அந்த அம்மாளே சொல்லிவிட்டார். "அஞ்சு சதவீதம்தாங்க எல்லாத்துக்கும். இந்தா பாருங்க, ரெண்டரை, ரெண்டரை."

பில் பேச்சு வந்ததால் இன்னும் கொஞ்சம். சில பெரிய ஓட்டல்களில் 'சர்வீஸ் சார்ஜ்' என்று 10 சதவீதம் தானாகவே சேர்த்துவிடுகிறார்கள். அப்படிக் கட்டாயமாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் சொன்னது. ஓட்டல் சங்கங்கள் கோர்ட்டுக்குப் போயின. ஆணையம் சொன்னது சரிதான் என்று டெல்லி ஐகோர்ட்டு 2025 மார்ச் 28-ந் தேதி தீர்ப்புக் கூறியது. எடுக்கச் சொன்னால் எடுக்க வேண்டும். எடுக்காவிட்டால் 1915 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். நான் சொல்லும் இந்த ஓட்டலில் அந்தத் தொல்லை இல்லை. சர்வருக்கு 20 ரூபாய் வைத்தார் கணவர். மனைவி தன் பர்சில் இருந்து இன்னொரு 20 வைத்தார். அதில் மட்டும் இருவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

வடை விஷயமும் லேசானதல்ல. திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெயில் 'போலார்' பொருள்கள் என்ற கழிவு சேரும். அது 25 சதவீதத்தைத் தாண்டினால் அந்த எண்ணெயைச் சமையலுக்கு உபயோகிக்கக் கூடாது என்று 2018 ஜூலை 1 முதல் விதி இருக்கிறது. அதை அளக்க அதிகாரிகளிடம் கருவி உண்டு. நம்மிடம் இருப்பது மூக்குதான். பில்லில் 14 இலக்கத்தில் ஒரு லைசென்சு எண் இருக்க வேண்டும், 2022 ஜனவரி 1 முதல் அது கட்டாயம். புகார் கொடுப்பதாக இருந்தால் அந்த எண் வேண்டும். அதனால் பில்லைக் கசக்கிப் போட்டுவிடாதீர்கள். அந்த அம்மாள் நாலாக மடித்துப் பர்சில் வைத்துக்கொண்டார்.

"ஏ.சி. வேணும்னு நானா கேட்டேன்? உனக்காகத்தானே?" என்று கணவர் மெல்லக் கேட்டார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. காலை 10 மணி முதல் ராத்திரி வரை கடையில் நிற்கிறவர் அந்த அம்மாள். கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை கொடுக்க வேண்டும் என்று தமிழக அரசு 2021-ல் சட்டம் கொண்டு வந்தது. "எங்க கடையிலயும் ஸ்டூல் இருக்கு. கூட்டம் நிக்கறப்ப எப்படித் தம்பி உட்கார்றது?" என்கிறார். இன்றைக்குச் சொல்லிவிட்டு அரை நாள் முன்னால் கிளம்பி வந்திருக்கிறார்.

பிளாட்பாரத்தில் வெடித்தது

நான் மயிலாப்பூர் போகிறவன். அவர்களும் அதே ரெயில். பழைய புத்தகக் கடைகளைத் தாண்டிக் கிழக்கே நடந்து, திருவல்லிக்கேணி ரெயில் நிலையத்தின் படி ஏறினோம். மிச்சமான பிரைடு ரைஸ் பொட்டலம் கணவர் கையில். பெண் தூக்கக் கலக்கத்தில் அம்மா தோளில்.

பிளாட்பாரத்தில் உட்கார்ந்ததும் அந்த அம்மாள் பேசினார். என்னிடம் பேசுவது போலத்தான் பேசினார். கேட்க வேண்டியவர் பக்கத்தில் இருந்தார்.

"காலையில அஞ்சு மணிக்கு எழுந்திருக்கேன். மூணு டப்பா கட்டறேன். ராத்திரி கடையில இருந்து வந்து மறுபடியும் அடுப்பு. பதினோரு வருஷம் ஆச்சு. ஒரு நாள், ஒரே ஒரு நாள், 'இன்னிக்குச் சாம்பார் நல்லா இருந்துச்சு'ன்னு சொல்லியிருக்காரா கேளுங்க தம்பி. இங்க வந்து, முன்னப்பின்ன தெரியாத மாஸ்டரை மாடிக்கு வரவழைச்சு, அந்தத் தண்ணிக்கு 'ஏ ஒன்'னு சொல்றார்."

கணவர் திகைத்துப் போனார். "வீட்டுச் சாப்பாடு நல்லா இருக்கும்னு தெரிஞ்சதுதானே? அதைத் தினமும் சொல்லிக்கிட்டா இருப்பாங்க? நல்லா இல்லன்னா சொல்ல மாட்டேனா?"

"அதையும்தான் சொன்னதில்லையே! ஒரு தடவை குழம்புல உப்பே போடல. பேசாம சாப்பிட்டுட்டு எழுந்து போயிட்டார். மத்தியானம் கடையில நான் டப்பாவைத் திறந்தப்பத்தான் எனக்கே தெரிஞ்சுது. அதைப் பெருந்தன்மைன்னு நினைச்சுக்கிட்டு இருக்கார். அடுப்புல நிக்கறது மனுஷிதான்னு தெரிஞ்சா, 'உப்பு எங்கடி?'ன்னாவது கேட்டிருப்பார்."

மத்திய அரசு 2024-ம் ஆண்டு எடுத்த நேரக் கணக்கு ஒன்று இருக்கிறது. சம்பளம் இல்லாத வீட்டு வேலைக்கு, அதில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரி 289 நிமிடம் செலவிடுகிறார்கள். ஆண்கள் 88 நிமிடம். அந்த அம்மாளிடம் சொன்னேன். "எங்க வீட்டுல எண்பத்தெட்டா?" என்று கேட்டுவிட்டுக் கணவரைப் பார்த்தார். கணவர் தண்டவாளத்தைப் பார்த்தார்.

"சரிக்கா, இவ்வளவு குறை இருக்கே. அப்புறம் ஏன் மாசாமாசம் இதே ஓட்டலுக்கு வர்றீங்க?" என்று கேட்டேன்.

முதல் தடவையாகச் சிரித்தார். "வேற யாரோ சமைச்சதை உட்கார்ந்து குறை சொல்றது எவ்வளவு சுகம் தெரியுமா? என் சாம்பாரை நானே எப்படிக் குறை சொல்றது? இந்த ஒரு நாள்தான் தம்பி எனக்கு."

தூங்குவதாக நினைத்த பெண் தலையைத் தூக்கினாள். "அம்மா, அப்பா வடையில பாதியை வச்சுட்டார். நான் பார்த்தேன்."

இதுதான் இந்த வழக்கில் கிடைத்த முக்கியமான தடயம். கணவர் பதில் சொல்வதற்குள் ரெயில் வந்துவிட்டது. அம்மாவும் பெண்ணும் மகளிர் பெட்டியில் ஏறினார்கள். நாங்கள் இருவரும் பக்கத்துப் பெட்டியில்.

"போடுங்க தம்பி!"

கலங்கரை விளக்கம் தாண்டும் வரை அவர் பேசவில்லை. பொட்டலத்தைக் கைமாற்றிக்கொண்டே இருந்தார்.

"சாம்பார் தண்ணிதான் தம்பி" என்றார் திடீரென்று. "எனக்கு நாக்கு இல்லையா? வாயில வச்சதுமே தெரிஞ்சுது. வடையும் அப்படித்தான்."

"அப்புறம் ஏன் சார் மாஸ்டரைக் கூப்பிட்டீங்க?"

"அந்தப் பெரியவர் கல்லாவுல இருந்த இடம். இப்ப அவர் இல்ல. அந்த நோட்டுல என் பேர் எத்தனை பக்கம் இருந்துச்சுன்னு எனக்குத்தான் தெரியும். அங்க உட்கார்ந்து 'நல்லா இல்ல'ன்னு சொல்ல வாய் வர மாட்டேங்குது."

"வீட்டுல 'நல்லா இருக்கு'ன்னு சொல்ல வாய் வரலையே சார்?"

கேட்டிருக்கக் கூடாதோ என்று நினைத்தேன். கல்யாணம் ஆகாதவன் கேட்கிற கேள்வியா இது? அவர் கோபித்துக்கொள்ளவில்லை. முண்டகக்கண்ணியம்மன் கோவில் நிலையம் வந்தது, போனது.

"நீங்க எந்தப் பேப்பர்னு சொன்னீங்க?"

சொன்னேன்.

"அவ கடையில அதைத்தான் வாங்கறாங்க. சாயங்காலம் கூட்டம் வர்றதுக்கு முன்னாடி ஒரு புரட்டு புரட்டுவா. போடுங்க தம்பி. பேர் வேண்டாம். சாம்பார் தண்ணிதான்னு நான் ஒத்துக்கிட்டதாப் போடுங்க."

மயிலை வந்துவிட்டது. இறங்கப் போன என் சட்டையைப் பிடித்து நிறுத்தினார்.

"வீட்டுச் சாம்பார் நல்லா இருக்கும்னும் போடுங்க."

போட்டாயிற்று.